மூணுதரம் தேர்ந்தெடுத்த காண்ட்ராக்டர்

மொட்டைமாடியில் தண்ணீர் நிறைய ஆரம்பித்து முக்கால் மணி நேரம் ஆனபோதுதான் கீழேயிருந்து அந்த அலறல் கேட்டது.

"யோவ்! மேல யாருய்யா?"

மூணுதரம் என்று பெயர் வாங்கிய அந்த மனிதர் கையிலிருந்த ரப்பர் குழாயைக் கீழே போட்டுவிட்டுத் தரையைக் குனிந்து பார்த்தார். விரிசல் எதுவும் இல்லை. தண்ணீர் வெளியேறும் ஓட்டையைத் தன் கைக்குட்டையால் அடைத்திருந்தார். அதுவும் அடைத்த இடத்திலேயே இருந்தது. தண்ணீர் போன வழிதான் வேறு. மாடிக் கதவை அவர் திறந்தே விட்டிருந்தார். அந்த வழியாகத் தண்ணீர் ஒவ்வொரு படியாக இறங்கிக் கூடத்துக்குள் போய்க்கொண்டிருந்தது.

இதில் ஒரே சங்கடம், வீடு அவருடையதில்லை. முன்பின் தெரியாத ஒரு குடும்பத்தின் வீடு. அதைக் கட்டிய காண்ட்ராக்டர், "என் வேலையை நேர்ல பாருங்க சார், பார்த்துட்டு முடிவு பண்ணுங்க" என்று சொல்லி அழைத்து வந்திருந்தார். அவர் கீழே உட்கார்ந்து வீட்டுக்காரர்களோடு காப்பி குடித்துக்கொண்டிருந்தார். பார்க்க வந்தவர் குழாயோடு பார்ப்பார் என்று அவர் கனவிலும் நினைக்கவில்லை.

காண்ட்ராக்டர் படியேறி ஓடி வந்தார். எப்போதும் வெள்ளைச்சட்டையில்தான் இருப்பார். அதில் சிமெண்ட் கறை ஒன்றுகூட இருந்ததில்லை. இப்போது கடைசிப் படியில் வழுக்கி, மார்பு வரை நனைந்து, ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"என்ன சார் பண்றீங்க?"

"ஒழுகுதான்னு பார்க்கறேன்."

"ஒழுகுது சார். படி வழியா ஒழுகுது!"

"அது ஒழுகல்ல சேராது. கூரையில ஒழுகல. உங்களுக்குப் பத்துக்கு ஒன்பது மார்க்."

"ஒரு மார்க் எங்க சார் போச்சு?"

"மாடிக் கதவு தானா மூடிக்கல."

வெள்ளைச்சட்டை தன் சட்டை நுனியைப் பிழிந்தார். கீழே அந்த வீட்டம்மா யாரையோ துடைப்பத்தை எடுத்து வரச் சொல்லிக் கத்துவது கேட்டது.

மூணுதரம் என்பது அம்மா அப்பா வைத்த பெயர் இல்லை. அவர் ஒரு குடைக் கம்பெனியில் தரச் சோதனை பார்க்கிறவர். ஒவ்வொரு கட்டிலிருந்தும் ஒரு குடையை உருவி, ஐம்பது தடவை விரித்து மடக்கி, தண்ணீர் பீய்ச்சி, காற்றாடி முன்னால் பிடித்துப் பார்க்க வேண்டும். மற்றவர்கள் ஒருதரம் செய்வதை இவர் மூணுதரம் செய்வார். "முதல் தடவை குடை நம்மளை ஏமாத்தும். ரெண்டாவது தடவை நாமளே நம்மை ஏமாத்திப்போம். மூணாவது தடவைதான் உண்மை வரும்" என்பார். அதைக் கேட்டுக் கேட்டுக் காது புளித்தவர்கள் அவருக்கு அந்தப் பெயரை வைத்துவிட்டார்கள். இருபத்திரண்டு வருடங்களாக அவர் பார்த்து அனுப்பிய குடை ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை. அவர் பார்த்து முடிப்பதற்குள் மழைக்காலம் முடிந்துவிடுகிறது என்று விற்பனைப் பிரிவுக்குத்தான் மனக்குறை.

இப்படிப்பட்டவர் வீடு கட்டக் கிளம்பினால் என்ன ஆகும்?

மனை வாங்கவே நாலு வருடம் ஆனது. வாங்கிய மனையில் வீடு கட்ட அனுமதியும் கிடைத்தது. ஆனால் அந்தக் கடுதாசியின் அடியில் ஒரு வரி இருந்தது: இந்த மாதம் முப்பதாம் தேதிக்குள் வேலையைத் தொடங்காவிட்டால் அனுமதி காலாவதி. மறுபடி வாங்குவதற்கு ஒரு வருடம் ஆகும். அவர்கள் குடியிருக்கும் வாடகை வீட்டையோ எட்டு மாதத்தில் காலி செய்தாக வேண்டும். வீட்டுக்காரர் தன் மகனுக்காகக் கேட்டுவிட்டார். கடன் இவ்வளவுதான் தர முடியும் என்று வங்கியும் கறாராகச் சொல்லிவிட்டது. ஆகவே நல்ல காண்ட்ராக்டராக, பட்ஜெட்டுக்குள் முடித்துத் தருகிறவராக, அதுவும் முப்பதாம் தேதிக்குள் ஒருவர் வேண்டும். அன்று தேதி எட்டு.

ஈரச் செருப்போடு வீட்டுக்குள் நுழைந்தவரிடம் மகள் கேட்டாள். எட்டாவது படிக்கிறாள்.

"அப்பா, இன்னிக்கு எந்த ரூம் போச்சு?"

குளிர்சாதனப் பெட்டியின் கதவில் வீட்டின் வரைபடத்தை அவள் ஒட்டி வைத்திருந்தாள். கூடம், சமையலறை, இரண்டு படுக்கையறை, ஒரு பால்கனி, மாடியில் ஜன்னலோடு அவளுக்கென்று ஒரு சின்ன அறை. காண்ட்ராக்டர்கள் கொடுத்த கொட்டேஷன் பட்ஜெட்டை எவ்வளவு தாண்டுகிறதோ அவ்வளவு இடத்தை ரப்பரால் அழிப்பது அவள் வேலை. ஆரம்பத்தில் அவர் விசாரித்த மூன்று காண்ட்ராக்டர்களின் கணக்கும் கிட்டத்தட்ட ஒன்றாகவே இருந்தது. பால்கனி மட்டும்தான் போயிருந்தது.

"ஒண்ணும் போகாது. ஒன்பது மார்க் வாங்கியிருக்காரு" என்றார் அவர்.

மறுநாள் வெள்ளைச்சட்டையிடமிருந்து திருத்திய கொட்டேஷன் வந்தது. ஒரு குளியலறை போய்விட்டது.

"பாத்தியா? முதல்ல மறைச்சு வச்சதெல்லாம் இப்பத்தான் வெளிய வருது" என்றார் மனைவியிடம்.

மனைவி பல் ஆஸ்பத்திரியில் வரவேற்பில் உட்காருகிறவள். வாயைத் திறக்கப் பயப்படுகிறவர்களையும் மூட மறுக்கிறவர்களையும் நிறையப் பார்த்தவள்.

"மறைச்சு ஒண்ணும் வைக்கலீங்க. நீங்க நனைச்ச சோஃபாவை அதுல சேர்த்திருக்காரு."

"அப்ப அடுத்தவங்களைப் பார்ப்போம்."

அடுத்தவர் ஒரு இன்ஜினியரம்மா. கறார். கேட்டதற்கு மட்டும் பதில் சொல்வார். அப்படிப்பட்டவரை எப்படிச் சோதிப்பது என்று மூணுதரம் இரண்டு நாள் யோசித்தார். ஒரே கேள்வியை மூணுதரம் கேட்பது, பதில் மாறுகிறதா என்று பார்ப்பது என்று முடிவு செய்தார்.

திங்கட்கிழமை போன் போட்டார்.

"அஸ்திவாரம் எத்தனை அடி ஆழம் போடுவீங்க மேடம்?"

"அஞ்சு அடி."

புதன்கிழமை போட்டார்.

"மேடம், இந்த அஸ்திவாரம்..."

"அஞ்சு அடின்னு சொன்னேனே சார்."

வெள்ளிக்கிழமை கம்பெனி போனிலிருந்து, வாயில் கைக்குட்டையை வைத்துக்கொண்டு, குரலை மாற்றிப் பேசினார்.

"வணக்கங்க. நான் புதுசா வீடு கட்டலாம்னு இருக்கேன். உங்க பேரைச் சொன்னாங்க. அஸ்திவாரம் எத்தனை அடி போடுவீங்க?"

"சார், நீங்கதானே?"

"இல்லீங்க. நான் வேற ஆளு."

"வேற ஆளுன்னா நாலரை அடி."

மூணுதரம் தாளில் 'முரண்பாடு' என்று எழுதி இரண்டு கோடு போட்டார். அன்றிரவு தூக்கம் வரவில்லை. அந்த அரை அடி எங்கே போயிருக்கும்? விடிந்ததும் ஒரு குச்சியை எடுத்துக்கொண்டு, இன்ஜினியரம்மா வேறு யாருக்கோ கட்டிக்கொண்டிருந்த இடத்துக்குப் போனார். ஆட்கள் இன்னும் வரவில்லை. அஸ்திவாரக் குழி ஒன்றின் ஓரத்தில் குந்தி உட்கார்ந்து குச்சியை உள்ளே விட்டார். எட்டவில்லை. இன்னும் கொஞ்சம் குனிந்தார்.

ஒன்பது மணிக்கு இன்ஜினியரம்மா வந்தபோது, குழிக்கு மேலே ஒரு நெற்றியும் இரண்டு கைகளும் மட்டும் தெரிந்தன. அவர் பக்கத்தில் போய் நின்று பார்த்தார். பதறவில்லை.

"ஆழம் சரியா இருக்கா சார்?"

"இருக்கு மேடம். நான் அஞ்சடி நாலங்குலம். நாலங்குலம்தான் வெளிய இருக்கு. கரெக்டா அஞ்சு அடி."

"அப்புறம் ஏன் அங்கேயே நிக்கிறீங்க?"

"ஏற முடியல மேடம். காலு வரமாட்டேங்குது."

எப்படி வரும்? முந்தின நாள் நடுராத்திரிக்கு மேல்தான் அந்தக் குழியில் கான்கிரீட் போட்டிருந்தார்கள். கணுக்கால் வரை இறங்கிவிட்டது. நாலு பேர் சேர்ந்து அவரை வெளியே இழுத்தார்கள். கால் வந்தது, ஷூ வரவில்லை. அந்த அடித்தளத்தை உடைத்துப் புதிதாகப் போட வேண்டியதாயிற்று.

"உங்களுக்குப் பத்துக்குப் பத்து மேடம்" என்றார் மூணுதரம், வெறும் காலோடு ஸ்கூட்டரில் ஏறும்போது.

இன்ஜினியரம்மாவின் புதுக் கொட்டேஷன் வந்த அன்று சமையலறையில் பாதி போனது. மகள் ரப்பரை ஊதித் தூளைத் தட்டினாள். "பாதி கிச்சன்ல சமைச்சுக்கலாம்மா. எனக்கு என் ரூம் இருந்தாப் போதும்" என்றாள்.

மூன்றாவது ஆள் அதிகம் பேசாதவர். இடுப்பில் எப்போதும் ஒரு அளவு டேப்பைச் செருகியிருப்பார். எதைச் சொன்னாலும் முதலில் அதை உருவி அளந்து பார்ப்பார், பிறகு "ஆகட்டும் சார்" என்பார். ஊரில் எல்லோருக்கும் அவர் டேப்புதான். முந்தைய இரண்டு பேருக்கும் நடந்தது எதுவும் அவருக்குத் தெரியாது. பாவம், சிரித்த முகத்தோடு தான் கட்டிய வீட்டுக்கு மூணுதரத்தை அழைத்துப் போனார். கூடவே அவருடைய மேஸ்திரியும் வந்தார். மேஸ்திரிக்கு அறுபது வயதிருக்கும். காதில் பென்சில். மனதில் பட்டதை அப்படியே பேசிவிடுகிற மனிதர்.

இந்தத் தடவை மனைவி முன்கூட்டியே எச்சரித்திருந்தாள். "தண்ணியைத் தொடாதீங்க. குழிப்பக்கம் போகாதீங்க. கையைக் கட்டிக்கிட்டு ரூமை மட்டும் பாருங்க."

அவர் அப்படியேதான் செய்தார். தண்ணீரைத் தொடவில்லை. குழிப்பக்கம் போகவில்லை. கதவைத்தான் தொட்டார். குடையை ஐம்பது தடவை விரித்துப் பார்க்கிறவருக்குக் கதவை ஐம்பது தடவை திறந்து மூடிப் பார்க்கத் தோன்றாதா? ஆட்கள் நடமாட்டம் இல்லாத இடமாகப் பார்த்துக் குளியலறைக் கதவைத் தேர்ந்தெடுத்தார். உள்ளே நின்று எண்ண ஆரம்பித்தார்.

நாற்பத்து மூன்றாவது தடவை 'டக்' என்று ஒரு சத்தம் வந்தது. கைப்பிடி கையோடு வந்துவிட்டது.

வெளியே டேப்பும் மேஸ்திரியும் கொஞ்ச நேரம் காத்திருந்தார்கள். மனிதருக்கு வயிறு சரியில்லை போலும் என்று மரியாதையாக வாசலுக்குப் போய் நின்றார்கள். அரை மணி நேரம் கழித்துதான் உள்ளேயிருந்து தட்டும் சத்தம் கேட்டது.

"சார், உள்ள என்ன பண்றீங்க?" என்றார் மேஸ்திரி.

"கதவைச் சோதிச்சேன்."

"எத்தனை தடவை சார் திறந்தீங்க?"

"நாப்பத்து மூணு."

"ஒரு ஆளு ஒரு நாளைக்கு எத்தனை தடவை சார் பாத்ரூம் போவான்?"

மேஸ்திரி கீலைக் கழற்றிக் கதவையே எடுத்து வைத்தார். கைப்பிடியோடு வெளியே வந்த மூணுதரம் டேப்பைப் பார்த்து, "எட்டு மார்க்" என்றார். டேப்பு அளக்கவும் இல்லை, ஆகட்டும் என்று சொல்லவும் இல்லை. அந்தக் கைப்பிடியை வாங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவருடைய புதுக் கொட்டேஷன் வந்தபோது தேதி இருபத்து மூன்று. அதைப் படித்துவிட்டு மகள் ரப்பரைக் கையில் எடுக்கவில்லை. வரைபடத்தின் மாடிப்பகுதியைக் கத்தரிக்கோலால் வெட்டி எடுத்து மேஜைமேல் வைத்துவிட்டுப் படிக்கப் போய்விட்டாள். மூன்று பேரில் யாரை எடுத்தாலும் அவளுடைய அறை கிடையாது.

மூணுதரம் அந்தத் துண்டுத் தாளை எடுத்துப் பார்த்தார். ஜன்னலுக்குப் பக்கத்தில் அவள் பென்சிலால் ஒரு மேஜையும், மேஜைக்குக் கீழே ஒரு பூனையும் வரைந்திருந்தாள். வாடகை வீட்டில் பூனை வளர்க்கக் கூடாது.

விடிய விடியப் புரண்டு படுத்தவருக்குக் காலையில் ஒரு யோசனை வந்தது. மூன்று பேரையும் தனித்தனியாகப் பார்த்ததுதான் தப்பு. ஒரே இடத்துக்கு, ஒரே நேரத்துக்கு வரவழைத்தால்? ஒருவரை ஒருவர் பார்த்தாலே போட்டி வந்துவிடும். போட்டி வந்தால் விலை இறங்கும்.

"அவங்க மூணு பேரையும் ஒண்ணா உட்கார வைக்கப் போறீங்களா?" என்றாள் மனைவி.

"ஆமா. ஏன்?"

"ஒண்ணுமில்ல. உங்களைப் பத்திப் பேச அவங்களுக்கு ஆள் கிடைக்கலையேன்னு நினைச்சிட்டிருந்தேன்."

சனிக்கிழமை காலை மனைக்கு மூவரும் வந்தார்கள். வெள்ளைச்சட்டை காரில், இன்ஜினியரம்மா ஸ்கூட்டரில், டேப்பு மேஸ்திரியோடு பைக்கில். ஒருவரை ஒருவர் பார்த்ததும் மூன்று பேருக்கும் ஆச்சரியம்.

"நீங்களும் இவரு வீட்டுக்கா?" என்றார் இன்ஜினியரம்மா.

"உங்களுக்கும் போன் வந்துச்சா?" என்றார் வெள்ளைச்சட்டை.

டேப்பு தன் சட்டைப்பையிலிருந்து கைப்பிடியை எடுத்துக் காட்டினார்.

மூணுதரம் கையைத் தேய்த்துக்கொண்டு முன்னால் வந்தார். "மூணு பேருக்கும் மார்க் போட்டுட்டேன். எல்லாரும் கிட்டத்தட்ட ஒண்ணாத்தான் வர்றீங்க. அதனால இன்னிக்கு இன்னொரு தடவை எல்லாத்தையும் முதல்லேர்ந்து..."

"சார், ஒரு நிமிஷம். நாங்க ஒரு டீ குடிச்சிட்டு வந்துடறோம்" என்றார் இன்ஜினியரம்மா.

எதிரில் ஒரு டீக்கடை இருந்தது. நாலு பேரும் தெருவைத் தாண்டிப் போய் உட்கார்ந்தார்கள். ஒரு நிமிஷம் ஒரு மணி நேரமானது. மூணுதரம் மனையின் நடுவில் நின்றபடியே கண்ணை அந்தப் பக்கம் வைத்திருந்தார். வெள்ளைச்சட்டை படி வழியாக ஏதோ இறங்குவது மாதிரி கையால் காட்டினார். இன்ஜினியரம்மா எழுந்து நின்று தன் நெற்றிக்குமேல் கையை வைத்து உயரம் காட்டினார். பிறகு தலையோடு தலை சேர்த்து ஏதோ பேசினார்கள். மேஸ்திரி கடைக்காரரிடம் ஒரு காலி டப்பாவை வாங்கி வந்தார். கொஞ்ச நேரத்தில் டேப்பு மட்டும் தலையில் கை வைத்து உட்கார்ந்தார். மற்ற இருவரும் அவர் முதுகைத் தட்டிக் கொடுத்தார்கள்.

'போட்டி கடுமையாத்தான் இருக்கு. டேப்பு பயந்துட்டான்' என்று நினைத்து மூணுதரம் மகிழ்ந்துபோனார்.

திரும்பி வந்த மூவரும் மரியாதையாக விடைபெற்றுக்கொண்டார்கள்.

அன்று சாயங்காலமே வெள்ளைச்சட்டையின் போன் வந்தது.

"சார், என் மனசாட்சி கேக்கல. உங்க வீட்டுக்கு டேப்புதான் சரியான ஆளு. தங்கமான மனுஷன். அவர்கிட்டயே குடுத்துடுங்க."

அடுத்த ஐந்தாவது நிமிஷம் இன்ஜினியரம்மா.

"டேப்பு பொறுமைசாலி சார். உங்களுக்கு அதுதான் முக்கியம்."

மறுநாள் டேப்பின் கடைசிக் கொட்டேஷன் வந்தது. மனைவி அதை இரண்டு முறை படித்தாள். மகள் ஓடிவந்து எட்டிப் பார்த்தாள். பட்ஜெட்டுக்குள் இருந்தது. சமையலறை முழுசாக, குளியலறை முழுசாக, பால்கனியோடு, மாடி அறையோடு! மகள் வெட்டி வைத்த துண்டை எடுத்துப் பழைய இடத்தில் பசை போட்டு ஒட்டினாள்.

வீடே சிரித்துக்கொண்டிருந்தபோது மூணுதரம் மட்டும் எழுந்து குறுக்கும் நெடுக்கும் நடந்தார்.

"எங்கயோ இடிக்குதே. திடீர்னு எப்படிக் குறையும்? போட்டியாளனே ஏன் சிபாரிசு பண்றான்? இன்னும் ஒரே ஒரு தடவை அந்த டேப்பை..."

"ஏங்க."

மனைவி குரலை உயர்த்தவில்லை. அதனாலேயே அவர் நின்றுவிட்டார்.

"நாளன்னிக்கு முப்பது. கல்யாணமாகிப் பதினாறு வருஷத்துல ஏழு வீடு மாறியாச்சு. ஒவ்வொரு வீட்டுலயும் ஆணி அடிக்கறதுக்குக்கூட இன்னொருத்தரைக் கேட்டு அடிச்சோம். இப்ப என்ன பயம் உங்களுக்கு?"

அவர் உட்கார்ந்தார்.

"குடை ஒழுகினா வேற குடை எடுத்துக்கலாம். வீடு ஒழுகினா என்ன பண்றது? நான் தப்பான ஆளைப் பிடிச்சு, உங்க ரெண்டு பேரையும் அதுல கொண்டு போய் உட்கார வச்சிட்டேன்னா? என்கிட்ட இருக்கறது ஒரே ஒரு தடவை. ஒரு தடவையில எதையும் சரின்னு சொல்லி எனக்குப் பழக்கமே இல்ல."

மனைவிக்குக் கண் கலங்கிவிட்டது. ஆனாலும் விடவில்லை.

"ஒழுகினா பாத்திரம் வச்சுப் பிடிச்சுக்கலாம். ஆனா என் சொந்த வீட்டுல ஒழுகட்டும்."

பேனாவை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

இருபத்தொன்பதாம் தேதி டேப்பின் அலுவலகத்தில் கையெழுத்து. டேப்பு எதிரில் உட்கார்ந்திருந்தார், ஒரு வாரத்தில் பாதியாக இளைத்தவர் போல. ஒப்பந்தத்தில் ஒரு ஷரத்து புதுமாதிரியாக இருந்தது: வீட்டின் சொந்தக்காரர் வாரத்தில் ஒரு நாள், மாலை ஐந்திலிருந்து ஐந்தரை வரை மட்டும், கைகளைக் கட்டிக்கொண்டு வேலையைப் பார்வையிடலாம். தண்ணீர்க் குழாய், குச்சி, கதவு ஆகியவற்றைத் தொடக் கூடாது. ஒரே கேள்வி ஒரு தடவைதான்.

"பாத்தியா? எவ்வளவு ஒழுங்கு! எல்லாத்தையும் எழுத்துல வைக்கிற ஆளு" என்று மனைவியின் காதில் சொன்னார் மூணுதரம்.

மனைவி அந்த ஷரத்தை ரசித்துப் படித்தாள். அதன் கீழே மட்டும் இரண்டு தடவை கையெழுத்துப் போட்டாள்.

சாட்சிக் கையெழுத்துப் போட வெள்ளைச்சட்டையும் இன்ஜினியரம்மாவும் வந்திருந்தார்கள். யாரும் கூப்பிடவில்லை. சொந்தப் பேனாவோடு வந்திருந்தார்கள். மூணுதரம் போட்ட கையெழுத்தின் மை காய்கிறவரை இருவரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். காய்ந்ததும் வெள்ளைச்சட்டை டேப்பைக் கட்டிப் பிடித்துக்கொண்டார்.

முப்பதாம் தேதி காலை ஏழு மணிக்கு முதல் மண்வெட்டி விழுந்தது. அனுமதி பிழைத்தது. மகள் மனையின் ஒரு மூலைக்கு ஓடி, அண்ணாந்து ஆகாயத்தில் ஒரு இடத்தைக் காட்டினாள்.

"அம்மா, என் ரூம் அங்கதான் வரும்!"

மனைவி அந்த வெறும் ஆகாயத்தையே ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டு நின்றாள்.

எட்டு மணிக்கு ஒரு லாரி வந்தது. பின்னாலேயே இன்னொன்று. முதல் லாரியில் சிமெண்ட் மூட்டைகள். ஓட்டுநருக்குப் பக்கத்திலிருந்து வெள்ளைச்சட்டை இறங்கினார். இரண்டாவதில் கம்பிகள், இன்ஜினியரம்மா இறங்கினார். இருவரும் டேப்பிடம் போய்க் கையைப் பிடித்துக் குலுக்கினார்கள். இன்ஜினியரம்மா கண்ணைக்கூடத் துடைத்துக்கொண்ட மாதிரி இருந்தது.

மூணுதரத்துக்குப் பெருமை தாங்கவில்லை. கையைக் கட்டிக்கொண்டே மேஸ்திரியிடம் நகர்ந்தார்.

"பாத்தீங்களா மேஸ்திரி? தோத்துப்போனவங்ககூட வந்து வாழ்த்தறாங்க. சும்மாவா எடுத்தேன் உங்க முதலாளியை? மூணு பேரைச் சலிச்சு, ஒவ்வொருத்தரையும் சோதிச்சுப் பொறுக்கி எடுத்திருக்கேன். ஆமா, அந்தச் சிமெண்ட்டு, கம்பிக்கெல்லாம் யாரு காசு?"

"அவங்க ரெண்டு பேரும் சும்மா தர்றாங்க சார். நன்றிக்கடன்."

"யாருக்கு?"

"எங்க முதலாளிக்குத்தான்."

"அவர் அப்படி என்ன பண்ணினாரு?"

மேஸ்திரி காதிலிருந்த பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்தார்.

"உங்க வேலையை யார் தலையில கட்டறதுன்னு அன்னிக்கு டீக்கடையில டப்பாவுல சீட்டு குலுக்கினாங்க சார், பாவம், மூணுதரம் குலுக்கியும் எங்க முதலாளி பேருதான் வந்துச்சு."